பிள்ளையை விட்ட இடத்தைப் பார்ப்போம்

நம் வீட்டுக் கவலை

பையனுக்கு 15 வயது. காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். ஆனால் பள்ளிக்கூடம் போவதில்லை. சட்டைப் பையில் போதைப் பாக்கு இருக்கிறது. வீட்டில் வைத்த பணம் காணாமல் போகிறது. கேட்டால் கை ஓங்குகிறான்.

அப்பா ஏலத்தோட்டத்துக்குப் போக வேண்டும். அம்மா கொழுந்து பறிக்கப் போக வேண்டும். பையனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அப்போது யாரோ ஒருவர் சொல்கிறார்: "மலைக்குக் கீழே ஒரு மையம் இருக்கு. மூணு மாசம் விட்டால் ஆளையே மாத்தி அனுப்பிடுவாங்க."

வட்டிக்குப் பணம் வாங்குகிறோம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறோம். நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம். கேட் மூடுகிறது. நாம் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

மறையூர், வட்டவடை, பூப்பாறை, குமுளி, கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் என்று எல்லை ஊர்களில் எல்லாம் இந்தக் கவலை உள்ள வீடுகள் உண்டு. மலையின் இந்தப் பக்கமும் மையங்கள் உண்டு. அந்தப் பக்கமும் உண்டு.

பிள்ளைகளைத் தங்க வைத்துப் பார்க்கும் இடங்கள் பல வகை. போதை மீட்பு மையம் ஒன்று. மனநல இல்லம் ஒன்று. குழந்தைகள் காப்பகம், அநாதை இல்லம் என்றும் உண்டு. பல இடங்களில் நல்லவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் நாம் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது?
அதை யார் போய்ப் பார்க்கிறார்கள்?
தவறு நடந்தால் யார் பதில் சொல்ல வேண்டும்?

இந்தப் பாடம் இந்த மூன்று கேள்விகளைப் பற்றியது.

ஏர்வாடியில் நடந்தது

தமிழ்நாட்டில் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி இருக்கிறது. அங்கே புகழ்பெற்ற தர்கா உண்டு. மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு பல ஊர்களில் இருந்தும் நோயாளிகளை அங்கே அழைத்து வருவார்கள். எல்லா மதத்தவரும் வருவார்கள்.

தர்காவைச் சுற்றித் தனியார் பலர் இல்லங்கள் நடத்தினார்கள். குடும்பத்தார் பணம் கட்டினார்கள். நோயாளியை விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள்.

2001 ஆகஸ்ட் 6. அதிகாலை நேரம். ஓர் இல்லத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

அப்போது சட்டம் இல்லையா? இருந்தது. 1987-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் 1993-இல் இருந்து நடைமுறையில் இருந்தது. உரிமம் இல்லாமல் மனநோயாளிகளுக்கு இல்லம் நடத்தக் கூடாது என்று அது சொன்னது. ஆனால் ஏர்வாடியில் உரிமம் இல்லாமலே இல்லங்கள் நடந்தன. கேட்பார் இல்லை.

சங்கிலி யார் கண்ணிலும் படாமல் இருந்ததா? இல்லை. வந்தவர், போனவர் எல்லோரும் பார்த்தார்கள். அதுவும் ஒரு வைத்தியம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தீ விபத்துக்குப் பிறகு அந்த இல்லங்களை அரசு மூடியது. 500-க்கும் மேற்பட்டவர்கள் அரசின் பராமரிப்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து விசாரித்தது.

ஏர்வாடி நமக்குச் சொல்வது என்ன? சட்டம் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தவர் வாய் திறந்து கேட்க வேண்டும்.

இப்போது உள்ள சட்டம்

பழைய சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்திருக்கிறது. அதன் பெயர் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அது 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் ஒரே சட்டம்தான்.

மதுவாலும் போதைப் பொருளாலும் வரும் மனநலக் கேடும் இந்தச் சட்டத்தில் அடங்கும். ஆகவே போதைக்கு ஆளானவர்களைத் தங்க வைத்து வைத்தியம் செய்யும் மையத்துக்கும் பதிவு வேண்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு செய்யாமல் நடத்தினால் அபராதம் உண்டு. முதல் முறை 5,000 ரூபாய் முதல் 50,000 ரூபாய் வரை. மீண்டும் மீண்டும் செய்தால் 5 லட்சம் ரூபாய் வரை போகும்.

18 வயது நிறையாத பிள்ளைகளுக்கு இந்தச் சட்டம் தனி விதிகள் வைத்திருக்கிறது. அவற்றை நிதானமாகப் படியுங்கள்.

1. பிள்ளையை உள்ளே சேர்ப்பது கடைசி வழி. வீட்டில் வைத்தும், ஆஸ்பத்திரிக்கு வந்துபோயும் பார்க்கும் வைத்தியம் பலிக்காதபோதுதான் சேர்க்கலாம்.

2. சேர்க்கும் முன் இரண்டு பேர் தனித்தனியாகப் பிள்ளையைப் பரிசோதிக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது மனநல மருத்துவராக இருக்க வேண்டும்.

3. பெரியவர்களோடு சேர்த்துப் பிள்ளையைத் தங்க வைக்கக் கூடாது. தனி இடம் தர வேண்டும்.

4. பெற்றோரில் ஒருவரோ, பெற்றோர் அமர்த்திய ஆளோ, சேர்ந்த நாள் முதல் வெளியே வரும் நாள் வரை பிள்ளையுடன் தங்க வேண்டும். பெண் பிள்ளை என்றால் உடன் இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும்.

5. பிள்ளையைச் சேர்த்த 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு மையம் தெரிவிக்க வேண்டும். 30 நாளுக்கு மேல் வைத்திருந்தால் உடனே வாரியத்துக்குச் சொல்ல வேண்டும். வாரியம் அதை ஆராய வேண்டும்.

நான்காவது விதியை இன்னொரு முறை படியுங்கள். "மூணு மாசம் பிள்ளையைப் பார்க்க வரக் கூடாது. போனும் பண்ணக் கூடாது. பார்த்தால் மனசு மாறிவிடும்" என்று சில இடங்களில் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்படி இருக்க, பார்க்கவே வராதே என்று சொல்ல அவர்களுக்கு உரிமை ஏது?

வேறு சில பாதுகாப்பும் இந்தச் சட்டத்தில் உண்டு. யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது. கட்டாயப்படுத்தி மொட்டை அடிக்கக் கூடாது. சீருடை போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. கட்டாய வேலை வாங்கக் கூடாது. விரும்பி வேலை செய்தால் கூலி தர வேண்டும். தண்டனையாகத் தனி அறையில் அடைக்கக் கூடாது. வாரியத்தின் முகவரியும் போன் நம்பரும் மையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வைத்திருக்க வேண்டும்.

வகுப்பில் ஒரு பேச்சு

ஓர் எஸ்டேட்டில் லயத்துக்குப் பக்கத்தில் தொடர்கல்வி வகுப்பு நடக்கிறது. அங்கே இந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். அப்போது இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஓர் அம்மா: டீச்சர், சட்டம் எல்லாம் சரி. ஆனா எங்க பையன் எங்க சொல்லைக் கேக்கலையே. நாலு அடி அடிச்சாத்தானே திருந்துவான்?

டீச்சர்: அக்கா, உங்க வீட்டிலயும் அடிச்சிருப்பீங்க. திருந்தினானா?

அம்மா: (சிரித்து) இல்லை டீச்சர். முதல்ல தெரிஞ்சு செஞ்சான். இப்ப ஒளிச்சுச் செய்யறான்.

டீச்சர்: அதுதான். அடி வாங்கின பிள்ளை பழக்கத்தை விடாது. ஒளிக்கக் கத்துக்கும். போதை ஒரு நோய் அக்கா. நோய்க்கு மருந்தும் வேணும், ஆறுதலும் வேணும். இன்னொண்ணு கேளுங்க. ரொம்ப நாளாக் குடிச்ச ஆள் திடீர்னு நிறுத்தினா வலிப்புகூட வரும். உயிருக்கே ஆபத்து. பக்கத்தில டாக்டர் இல்லாத இடத்தில பூட்டி வெச்சா என்ன ஆகும்?

ஒரு பெரியவர்: நம்மளை மாதிரி ஏழைங்க கேள்வி கேட்டா, "உங்க பையனை நீங்களே கூட்டிட்டுப் போங்க"னு சொல்லிருவாங்களே டீச்சர்?

டீச்சர்: சொல்லலாம் மாமா. அப்படிச் சொன்னா, அந்த இடம் நமக்கு வேண்டாம்னு அவங்களே சொல்லிட்டாங்கன்னு வெச்சுக்குங்க. கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில பிள்ளையை எப்படி விடறது?

பெரியவர்: அப்ப எங்கதான் கூட்டிட்டுப் போறது?

டீச்சர்: முதல்ல கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போங்க. கேரளத்தில 'விமுக்தி'னு ஒரு திட்டம் இருக்கு. எக்சைஸ் துறை நடத்தறது. 2016-இல ஆரம்பிச்சது. அந்தத் திட்டத்தில மாவட்டம்தோறும் போதை மீட்பு மையம் உண்டு. போனில் பேசணும்னா 14416-க்குக் கூப்பிடலாம். டெலி மானஸ்னு பேரு. காசு இல்லை. தமிழ்லயே பேசலாம்.

அம்மா: எல்லாப் பிள்ளையையும் உள்ள சேர்க்கணும்னு இல்லையா?

டீச்சர்: இல்லை அக்கா. பல பிள்ளைகளுக்கு வீட்டில இருந்தபடியே டாக்டரைப் பார்த்தா போதும். கூடவே பள்ளிக்கூடத்து ஆசிரியர், ஆஷா அக்கா, அயல்கூட்டத்துப் பெண்கள் எல்லாரும் ஒரு கண் வெச்சா இன்னும் நல்லது.

காப்பகங்களுக்கான சட்டம்

பெற்றோர் இல்லாத பிள்ளைகளும், பராமரிக்க ஆள் இல்லாத பிள்ளைகளும் தங்கும் காப்பகங்களுக்கு வேறு சட்டம் உண்டு. அது இளைஞர் நீதிச் சட்டம், 2015. 2016 ஜனவரி 15 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இப்படிப்பட்ட ஒவ்வொரு காப்பகமும் பதிவு செய்ய வேண்டும். அரசு நடத்தினாலும் சரி, கோயில், பள்ளிவாசல், சர்ச் சார்பில் நடத்தினாலும் சரி, தனி ஆள் நடத்தினாலும் சரி. பதிவு ஐந்து ஆண்டுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவு இல்லாமல் நடத்தினால் ஓர் ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

இந்த விதியை நடைமுறைப்படுத்த உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் மகாபலிபுரம் பக்கத்து அநாதை இல்லங்களில் குழந்தைகளுக்குக் கொடுமை நடப்பதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. அது 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வழக்காகப் போனது. பத்து ஆண்டு விசாரணைக்குப் பிறகு 2017 மே 5-இல் தீர்ப்பு வந்தது. நாட்டில் உள்ள எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் உத்தரவிட்டார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் தனியாகப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள்.

நம் பாலக்காட்டிலும் ஒரு சம்பவம் நடந்தது. 2014 மே மாதம். பாலக்காடு ரயில் நிலையத்தில் இரண்டு நாட்களில் 500-க்கும் மேற்பட்ட குழந்தைகள் வந்து இறங்கினார்கள். பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் ஆகிய மாநிலங்களின் பிள்ளைகள். கேரளத்து அநாதை இல்லங்களில் சேர்க்க அழைத்து வந்திருந்தார்கள். பல பிள்ளைகளுக்குச் சரியான காகிதம் இல்லை. போலீசார் தடுத்து நிறுத்தினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. சி.பி.ஐ. விசாரித்தது. படிப்பதற்காகப் பெற்றோர்தான் விரும்பி அனுப்பினார்கள் என்று பின்னர் பீகார் அரசு சொன்னது.

நல்ல எண்ணத்தோடு அனுப்பினாலும் காகிதம் வேண்டும். எந்தப் பிள்ளை, எந்த ஊர், யார் அனுப்பியது, எங்கே போகிறது என்று எழுதி இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத பிள்ளை காணாமல் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

யார் பார்க்கிறார்கள்?

காப்பகங்களைப் பார்வையிட ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆய்வுக் குழு இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது குழு காப்பகத்துக்குப் போக வேண்டும். குறைந்தது மூன்று பேர் போக வேண்டும். அவர்களில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும். ஒரு வாரத்தில் அறிக்கை தர வேண்டும்.

குழந்தைகள் நலக் குழு என்று இன்னொன்று உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவு செய்வது இந்தக் குழுதான். காப்பகங்களைப் போய்ப் பார்ப்பதும் இதன் வேலை. 2022 செப்டம்பர் முதல் மாவட்டக் கலெக்டருக்கும் கூடுதல் பொறுப்பு தந்திருக்கிறார்கள்.

காப்பகத்தில் வேலை செய்பவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

பார்த்தால் மட்டும் போதுமா?

பீகாரில் முசாஃபர்பூர் என்று ஓர் ஊர். அங்கே பெண் பிள்ளைகளுக்குக் காப்பகம் ஒன்று அரசுப் பணத்தில் நடந்தது. அதிகாரிகள் வந்து போனார்கள். கணக்குப் புத்தகம் பார்த்தார்கள்.

பிறகு மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் இருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. அவர்கள் கட்டடத்தை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. பல பிள்ளைகள் பாலியல் கொடுமைக்கு ஆளாகி இருந்தார்கள். 2018-இல் நாடே அதிர்ந்தது.

2020 ஜனவரியில் 19 பேர் குற்றவாளிகள் என்று டெல்லி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அவர்களில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? அந்த மாவட்டத்துக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவரும், குழந்தைப் பாதுகாப்பு அதிகாரியும் இருந்தார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

ஆகவே காவல் இருப்பவர் மீதும் ஒரு கண் வேண்டும். பாலக்காட்டில் 2019-இல் ஒரு கேள்வி எழுந்தது. வாளையாரில் இரண்டு சிறுமிகள் இறந்த வழக்கு அது. அதில் குற்றம் சாட்டப்பட்ட ஒருவருக்காக வக்கீலாக நின்றவரே மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தார். இது சரியா என்று மக்கள் கேட்டார்கள். அரசு அவரைப் பதவியில் இருந்து நீக்கியது. மக்கள் கேட்டதால் நடந்த காரியம் இது.

நம் நாட்டில் மட்டும்தான் இந்தத் தொல்லை என்று நினைக்க வேண்டாம். பணக்கார நாடான அமெரிக்காவிலும் வழிதவறிய பிள்ளைகளைத் திருத்தும் விடுதிகள் உண்டு. அங்கே பட்ட அடியையும் அவமானத்தையும் பலர் பெரியவர்களான பிறகுதான் வெளியே சொன்னார்கள். இத்தகைய விடுதிகளை எப்படிக் கண்காணிப்பது என்று ஆராய்வதற்கு 2024 டிசம்பரில்தான் அங்கே ஒரு சட்டம் வந்தது.

எல்லை தாண்டிய இடம் என்றால்

2023 பிப்ரவரி. தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூர் ஆசிரமத்தில் அதிகாரிகள் சோதனை போட்டார்கள். 140-க்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். அந்த இடத்துக்கு உரிய பதிவு இல்லை. உள்ளே இருந்தவர்களில் சிலரை வேறு மாநிலத்துக்கு அனுப்பி இருந்ததும் தெரிந்தது.

இது வெளியே வந்தது எப்படி? அங்கே சேர்த்த ஒரு முதியவரைப் பார்க்க உறவினர் போனார். முதியவர் அங்கே இல்லை. எங்கே என்று கேட்டார். சரியான பதில் இல்லை. விஷயம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பிறகுதான் சோதனை நடந்தது. பார்க்கப் போன ஒரு சொந்தக்காரர் விடாமல் கேட்டதால் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கதவு திறந்தது.

எல்லையில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பிள்ளையைப் போடிக்கோ, கம்பத்துக்கோ, பொள்ளாச்சிக்கோ அனுப்பினால், அந்த இடத்தைப் பார்வையிடுவது தமிழ்நாட்டு அதிகாரிகள். கேரளத்துக்குள் இருந்தால் கேரள அதிகாரிகள். இல்லம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ, அந்த மாவட்டத்துக்குத்தான் முதலில் எழுத வேண்டும்.

ஆனால் குற்றம் நடந்திருந்தால் நம் ஊர் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். "அது எங்க எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டம் இதைச் சொல்கிறது. புகாரை எழுதி வாங்கி, உரிய ஸ்டேஷனுக்கு அவர்களே அனுப்ப வேண்டும்.

சேர்க்கும் முன் கேளுங்கள்

1. பதிவுச் சான்றிதழ் எங்கே? தேதி முடிந்துவிட்டதா?
2. டாக்டர் யார்? எந்த நாட்களில் வருவார்?
3. பிள்ளை எங்கே தூங்கும்? யாரோடு தூங்கும்? அந்த அறையை நான் பார்க்கலாமா?
4. நானோ என் ஆளோ கூடத் தங்க இடம் உண்டா?
5. என்ன மருந்து தருவீர்கள்? எழுதித் தருவீர்களா?
6. மொத்தச் செலவு எவ்வளவு? ரசீது உண்டா?
7. படிப்பு தொடருமா?

வெற்றுக் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். தெரியாத மொழியில் உள்ள காகிதத்திலும் போட வேண்டாம். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு போடுங்கள். போட்ட காகிதத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சேர்த்த பின் பாருங்கள்

காப்பகத்தில் பிள்ளையைப் பார்க்கப் போகும்போது தனியாகப் பேசுங்கள். பக்கத்தில் அந்த இடத்து ஆள் நின்றால் பிள்ளை வாய் திறக்காது. கையையும் காலையும் முதுகையும் பாருங்கள். காயமோ, கட்டிய தழும்போ இருக்கிறதா? மிகவும் இளைத்துவிட்டதா? எந்நேரமும் மயக்கத்தில் இருக்கிறதா? நம்மைப் பார்த்ததும் பயந்து மற்றவர் முகத்தைப் பார்க்கிறதா?

"என்னைக் கூட்டிட்டுப் போயிரு" என்று எல்லாப் பிள்ளையும் அழும். போதையை விடும் நாட்கள் கஷ்டமானவை. ஆனால் "அடிக்கிறாங்க", "கட்டிப் போடறாங்க", "தொடக் கூடாத இடத்தில தொடறாங்க" என்று சொன்னால், அது சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். நின்று விசாரியுங்கள்.

புகார் எழுதுவோம்

நமக்கு இப்போது எழுதத் தெரியும். அந்த எழுத்து இந்த இடத்தில்தான் உதவும்.

தமிழில் எழுதலாமா? எழுதலாம். 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழில் எழுதலாம். சிறுபான்மை மொழிப் பகுதி என்று அறிவித்த இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம்.

மாதிரிக் கடிதம்:

பெறுநர்: தலைவர், குழந்தைகள் நலக் குழு, ............ மாவட்டம்.

ஐயா / அம்மா,

என் மகன் / மகள் வயது ....... ; ............ என்ற இடத்தில் ............ தேதி முதல் தங்கி இருக்கிறான் / இருக்கிறாள்.

நான் ............ தேதி பார்க்கப் போனேன். நான் கண்டது: ............................
பிள்ளை என்னிடம் சொன்னது: ............................

அந்த இடத்தை உடனே பார்வையிட வேண்டும். என் பிள்ளையிடம் தனியாகப் பேச வேண்டும். நடவடிக்கை என்ன என்று எனக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கையெழுத்து, முகவரி, தேதி.

கண்டதை மட்டும் எழுதுங்கள். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே எழுதுங்கள். கடிதத்தின் நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

போதை மீட்பு மையம், மனநல இல்லம் என்றால் மறுஆய்வு வாரியத்துக்கு எழுதுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. ஓர் இடத்துக்குப் பதிவு உண்டா என்று தெரிய வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள்

1098 – பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால்
112 – போலீஸ், அவசர உதவி
14416 – டெலி மானஸ், மனநல ஆலோசனை
15100 – இலவசச் சட்ட உதவி

இந்த எண்களைப் பிள்ளைக்கும் சொல்லிக் கொடுங்கள். வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

பிள்ளையை ஓர் இடத்தில் சேர்த்ததோடு நம் பொறுப்பு முடிவதில்லை. ஆய்வுக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். நாமும் போய்ப் பார்க்க வேண்டும். அடுத்த வாரம் தோட்டத்துக்கு லீவு கிடைக்கும் நாளில் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சொல்லும் பொருளும்

உரிமம் – அரசு தரும் அனுமதி
பதிவு – அரசுக் கணக்கில் பெயர் சேர்த்தல்
ஆய்வு – நேரில் போய்ச் சோதித்துப் பார்த்தல்
நகல் – காப்பி
சிறுபான்மை – எண்ணிக்கையில் குறைந்த மக்கள்
பராமரிப்பு – கவனித்துப் பார்த்துக்கொள்ளுதல்

பதில் சொல்லுங்கள்

1. ஏர்வாடியில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்களால் ஏன் ஓட முடியவில்லை?
2. 18 வயது நிறையாத பிள்ளையைப் போதை மீட்பு மையத்தில் சேர்த்தால் கூடவே யார் தங்க வேண்டும்?
3. முசாஃபர்பூரில் உண்மை வெளியே வந்தது எப்படி?
4. காப்பகத்தை ஆய்வுக் குழு எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்?

சேர்ந்து செய்யுங்கள்

உங்கள் பஞ்சாயத்தில் பிள்ளைகள் தங்கும் இல்லங்கள் எத்தனை இருக்கின்றன? அயல்கூட்டத்தில் பேசிப் பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பதிவு உண்டா என்று வார்டு மெம்பரிடம் கேளுங்கள். மேலே உள்ள மாதிரிக் கடிதத்தை உங்கள் கையால் ஒரு முறை எழுதிப் பாருங்கள்.